காட்டிற்கு நாடி பார்த்த மருத்துவர்

திருவானைக்கா என்னும் ஊர்ப்பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். பேருந்து நடத்துனர் கூவுகிறார்; கடிதங்களில் எழுதுகிறோம். அப்பெயரின் இறுதியில் நிற்கும் ‘கா’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். ஆனை வழிபட்ட சோலை என்று தலபுராணம் கதை சொல்கிறது. அங்கே தலமரம் வெண்ணாவல். அருகிலுள்ள திருவரங்கத்தில் தலமரம் புன்னை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவு, கோயில் நகரம் ஆவதற்கு முன் மரங்களின் ஊராக இருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று. இன்று வெண்ணாவல் கோயில் மதிலுக்குள் நிற்கிறது. மதிலுக்கு வெளியே வீடுகள் நிற்கின்றன. சோலை எங்கே போயிற்று?

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1862ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாக வந்த இரயில் பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. மக்கள் திரண்டு நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். புகையைப் பார்த்தவர்கள், அந்தப் புகை எந்த மரத்தின் புகை என்று கேட்டிருக்கமாட்டார்கள். தென்னாட்டின் தொடக்ககால எஞ்சின்கள் பலவும் விறகையே தின்றன. தண்டவாளத்தைத் தாங்கவும் மரக்கட்டைகள் வேண்டியிருந்தன. பாதை நீள நீள, கண்ணுக்குத் தெரியாத தொலைவில் மலைகள் மொட்டையாகிக் கொண்டிருந்தன.

அக்காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர், கேட்டதோடு நில்லாமல் கணக்கும் எடுத்தவர், ஒரு மருத்துவர். அவர் பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் அவரே. இந்தியாவில் அறிவியல் முறைப்படி காடுகளைக் காக்கும் பணிக்குத் தந்தை என்று அவரைப் போற்றுவோரும் உண்டு. போற்றுதலோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் எதைக் காத்தார், யாருக்காகக் காத்தார், அந்தக் காவலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் பிறந்தவர்

ஹியூ பிரான்சிஸ் கிளார்க் கிளெக்ஹார்ன் 1820ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் பீட்டர் கிளெக்ஹார்ன் சென்னை உச்ச நீதிமன்றத்தில் அலுவலராகப் பணிபுரிந்தவர். பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெக்ஹார்னே. அவர் இலங்கை வரலாற்றில் இடம்பெற்றவர். 1795இல் டச்சுக்காரரிடம் கூலிப்படையாக இருந்த சுவிஸ் படைப்பிரிவை ஆங்கிலேயர் பக்கம் திருப்பி, இலங்கை எளிதில் கைமாற வழிசெய்தவர் அவர். பின்னர் அத்தீவின் முதல் குடியேற்றச் செயலாளராகவும் இருந்தார். ஆக, பேரன் பிறக்கும்போதே அக்குடும்பத்திற்கும் தமிழ் வழங்கும் நிலங்களுக்கும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது.

அக்கால வழக்கப்படி குழந்தை சிறு வயதிலேயே தாயகமான ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டது. ஃபைஃப் மாவட்டத்தில் ஸ்ட்ராவிதி என்னும் இடத்தில் பாட்டனாருக்கு ஒரு பண்ணை இருந்தது. வயலும் வேலியும் மரமும் சூழ்ந்த அந்தப் பண்ணையில் அவர் வளர்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின் எடின்பரோவில் மருத்துவம் படித்தார். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் பயிற்சி பெற்றார். 1841இல் மருத்துவப் பட்டம் கிடைத்தது.

அக்காலத்தில் மருந்தென்றால் பெரும்பாலும் செடிதான். வேர், பட்டை, இலை, பிசின் ஆகியவற்றை அறியாதவர் மருத்துவராக முடியாது. ஆதலால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலைக் கட்டாயம் கற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்களுள் பலர் நாளடைவில் தாவரவியல் அறிஞர்களாக மாறியதன் காரணம் இதுவே. தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டும் கம்பெனியின் மருத்துவரே. அந்த வரிசையில் வந்து சேர்ந்தவர் கிளெக்ஹார்ன்.

சிமோகாவில் கண்டது

1842இல் அவர் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த ஊராகிய சென்னைக்கே திரும்பி வந்தார். சில ஆண்டுகளில் மைசூர்ச் சீமையின் சிமோகாவுக்கு அனுப்பப்பட்டார். மைசூர் அப்போது ஆங்கிலேய ஆணையர் மார்க் கப்பனின் ஆட்சியில் இருந்தது. சிமோகா, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய மழைநாடு. சிறைச்சாலை, மருத்துவமனை, அம்மை குத்துதல் என்று அலுவல்கள் நிறைய. ஆயினும் நாளொன்றுக்குச் சிறிது நேரம் ஒதுக்கி ஒரு செடியையாவது முறையாக ஆராய்வது என்ற ஒழுக்கத்தை அவர் கைக்கொண்டார். உள்ளூர் ஓவியர் ஒருவரை அமர்த்தி, செடிகளை உயிருடன் இருக்கும்போதே வரையச் செய்தார். இந்த வழக்கத்தை அவர் பிற்காலத்திலும் விடவில்லை.

நோயாளியைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர், வழியில் வேறொரு நோயையும் கண்டார். தேக்கு மரங்கள் வகைதொகையின்றி வெட்டப்பட்டன. வெட்டியவர்கள் நல்ல பகுதியை எடுத்துக்கொண்டு மீதியை அழுகவிட்டார்கள். மலைச்சரிவுகளில் குமரி எனப்படும் காடெரிப்பு வேளாண்மையும் நடந்தது. ஒரு துண்டுக் காட்டை வெட்டி, உலர்த்தி, தீயிட்டு, சாம்பலில் தானியம் விதைத்து, ஓரிரு ஆண்டுகளில் அவ்விடத்தை விட்டு வேறிடம் பெயர்வதே குமரி. தேக்கு வணிகம், குமரி ஆகிய இரண்டையும் அவர் குறித்துக்கொண்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

காய்ச்சலால் உடல் நலிந்து 1848இல் விடுப்பில் தாயகம் சென்றார். ஓய்வெடுக்கச் சென்றவர் ஓய்வெடுக்கவில்லை. அறிவியல் முன்னேற்றத்திற்கான பிரிட்டிஷ் சங்கம் 1850இல் எடின்பரோவில் கூடியபோது, வெப்பமண்டலக் காடுகளின் அழிவால் நேரக்கூடிய விளைவுகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. கிளெக்ஹார்னுடன் ஃபோர்ப்ஸ் ராயில், பெயர்டு ஸ்மித், ஸ்ட்ரேச்சி ஆகியோர் அதில் இடம்பெற்றனர். 1851இல் இப்ஸ்விச்சில் கூடிய சங்கத்தின் முன் குழுவின் அறிக்கை வைக்கப்பட்டது. காட்டை அழித்தால் மரப்பஞ்சம் வரும் என்பது ஒரு பகுதி. ஊற்றுகள் வற்றும், மண் ஈரம் இழக்கும், அதனால் உழவும் மக்களின் நலமும் கெடும் என்பது இன்னொரு பகுதி. காட்டை விறகுக் குவியலாகவும் கட்டைக் குவியலாகவும் மட்டுமே பார்த்த அரசுக்கு, அது நீரின் தாயும் ஆகும் என்று எடுத்துரைத்த தொடக்ககால ஆவணங்களுள் அவ்வறிக்கையும் ஒன்று.

பேராசிரியரும் ஓவியர்களும்

1852இல் சென்னைக்குத் திரும்பியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியலுக்கும் மருந்துப் பொருளியலுக்கும் பேராசிரியரானார். சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பணியிலும் ஈடுபட்டு, அதன் தோட்டத்துச் செடிகளுக்கு ஒரு பட்டியலை 1853இல் வெளியிட்டார்.

அவருடைய ஆராய்ச்சித் தலைப்புகளைப் பார்த்தால் அவருடைய மனப்போக்கு விளங்கும். இந்தியாவில் வேலிக்கு உதவும் செடிகள் எவை என்று ஒரு கட்டுரை எழுதினார். சென்னைக் கடற்கரையில் மணலைக் கட்டி நிறுத்தும் செடிகள் எவை என்று இன்னொன்று எழுதினார். இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் மணல்மேட்டில் படர்ந்து கிடப்பதை நாம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் மிதித்துச் செல்கிறோம். அத்தகைய செடிகளுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலையை அறிந்து அவற்றைப் பயன்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை.

அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியின் உதவியும், ராபர்ட் வைட்டுக்கு வரைந்து பழகிய கோவிந்து போன்ற நம் நாட்டு ஓவியர்களின் உதவியும் அவருக்குக் கிடைத்தன. அவர் சேர்த்த சுமார் 3,000 தாவர ஓவியங்கள் இன்று எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வரைந்தவர்களில் பலரின் பெயர் வெளியுலகுக்குத் தெரியாமலே போயிற்று. வைட் தம் நண்பரின் நினைவாக அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடிப் பேரினத்திற்குக் கிளெக்ஹார்னியா என்று பெயர் சூட்டினார்.

கப்பலும் இரயிலும்

அவர் வனத்துறைக்கு வருமுன் நம் மேற்கு மலைகளின் நிலை என்ன? ஆனைமலையை எடுத்துக்கொள்வோம். தேக்குக்கு அம்மலை பெயர்பெற்றது. உப்புநீரைத் தாங்குவது, ஆணி துருப்பிடிக்காமல் காப்பது முதலிய பண்புகளால் தேக்குக்குக் கப்பல் தளங்களில் பெருமதிப்பு. இங்கிலாந்தின் ஓக் மரங்கள் குறைந்துவிட்ட நிலையில், பம்பாயின் கப்பல் கட்டும் துறைக்கு மேற்கு மலைகளின் தேக்கு வேண்டியிருந்தது. இந்தத் தேவைக்காகவே 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் இளம் படை அதிகாரி ஆனைமலைக் காட்டின் பொறுப்புக்கு அனுப்பப்பட்டார். தூணக்கடவில் முகாமிட்டு, மலைவாழ் மக்களின் துணையோடு மரம் வெட்டி இறக்கினார். காட்டுத்தீயைத் தடுக்கவும் முயன்றார். இதே பத்தாண்டில் மலபார் ஆட்சியர் கொனோலி நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்கும் முயற்சியில் வெற்றி கண்டிருந்தார். வெட்டத் தெரிந்தவர்கள் நடவும் தொடங்கிய காலம் அது.

அந்த வேளையில் இரயில் வந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் பாதை திறக்கப்பட்டது. கப்பலுக்கு நெடிய, முற்றிய, தேர்ந்தெடுத்த தேக்கு போதும். இரயிலோ அப்படியன்று, வலுவான எந்த மரமும் சிலிப்பர் கட்டைக்கு ஆகும், எந்தச் சுள்ளியும் கொதிகலனுக்கு ஆகும். கப்பல் காட்டில் பொறுக்கி எடுத்தது. இரயில் வாரி எடுத்தது. போட்ட கட்டைகளும் வெயிலிலும் மழையிலும் கறையானிலும் சில ஆண்டுகளில் உளுத்துப்போயின. மீண்டும் போட வேண்டும். சென்னை மாகாணத்திற்கு ஆண்டுதோறும் 2,50,000க்கு மேற்பட்ட கட்டைகள் தேவை, அதற்கு 35,000 மரங்கள் சாய வேண்டும் என்று கிளெக்ஹார்ன் கணக்கிட்டார். முன்பு மரமுடி தரித்திருந்த வட ஆற்காட்டு மலைகள் பெருமளவு வெறுமையாகிவிட்டதையும் அவர் பதிவு செய்தார்.

வனப் பாதுகாவலர்

சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு காடுகளுக்கென ஒரு துறை வேண்டும் என்று கருதி, கிளெக்ஹார்னைத் தேர்ந்தார். 1856ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்த மாகாணம். உதவிக்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள். 1857இல் அவருக்கு உதவியாளராக வந்தவர் ரிச்சர்ட் பெட்டோம். தென்னாட்டு மரங்களையும் பெரணிகளையும் பற்றிப் பின்னாளில் பெருநூல்கள் எழுதிய அதே பெட்டோம்.

கிளெக்ஹார்ன் குதிரையிலும் காட்டுவழி நடையிலுமாக மாகாணத்தைச் சுற்றினார். நோயாளியைப் பாராமல் மருந்து எழுதாத மருத்துவரின் பழக்கம் அவரிடம் இருந்தது. எந்த மலையில் எந்த மரம், எவ்வளவு பருமன், எந்த வழியாக இறக்கலாம், எவ்வளவு வெட்டினால் மீண்டும் வளரும் என்று குறிப்பெடுத்தார். தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற மதிப்புமிக்க மரங்களை அனுமதியின்றி வெட்டக் கட்டுப்பாடு வந்தது. இளமரங்களை விட்டுவைக்கும் முறை வந்தது. வெட்டிய இடத்தில் நடுவதும், இரயிலுக்கு வேண்டிய விறகைத் தனித் தோப்புகளில் வளர்ப்பதும் அவர் திட்டங்களில் அடங்கும். 1860களிலிருந்து சென்னைக் கடற்கரை ஓரங்களில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு விறகுத் தேவையே காரணம். இன்று நாம் பந்தற்காலுக்கு வாங்கும் சவுக்கு இரயில் எஞ்சினுக்காகப் பரவிய மரம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1858இல் அவர் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குப் பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தின் விவரத்தை எடின்பரோ அரசக் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அம்மலைகளில் காடர்களின் துணையின்றி வெளியார் ஓரடி எடுத்து வைக்க முடியாது. தேன் எடுக்கும் பாறை எது, யானை இறங்கும் தடம் எது, ஏலம் விளையும் ஓடை எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர் ஏறிய பாதை அவர்களுடைய பாதை. அவர் குறித்துக்கொண்ட அறிவில் ஒரு பங்கு அவர்களுடையது.

புனமும் குற்றமும்

இனி, சிமோகாவில் நாம் நினைவில் வைத்துக்கொண்ட செய்திக்கு வருவோம். 1860இல் சென்னை அரசு, அரசுக் காடுகளில் முன் அனுமதியின்றிக் குமரி வேளாண்மை செய்யலாகாது என்று தடுத்தது. தடைக்கு முன்னின்று வாதாடியவர் கிளெக்ஹார்ன். மதிப்புமிக்க மரங்களைச் சாம்பலாக்கி, இரண்டு பருவத் தானியத்தை மட்டும் பெறுவது நாட்டுக்கு நட்டம் என்பது அவர் வாதம்.

தமிழ் படித்த நமக்குக் குமரி புதிதன்று. வேறு பெயரில் அதை அறிவோம். குறிஞ்சித் திணையின் தினைப்புனம் அதுதான். வள்ளி பரண்மேல் ஏறிக் கிளி ஓட்டிய புனம், காட்டைச் சுட்டு விதைத்த புனம்தான். அகில் மணக்கும் புகையோடு நம் பழைய புலவர்கள் பாடிய அந்த நிலம், ஓர் அரசாணையால் குற்றம் நிகழும் இடமாயிற்று. நம் மாவட்டத்துப் பச்சைமலையிலும் அண்டை மாவட்டத்துக் கொல்லிமலையிலும் வாழும் மலையாளி மக்கள், ஆனைமலையின் காடர், மேற்கு மலைகளின் வேறு பல குடிகள் ஆகியோர் வாழ்வில் வனத்துறை என்னும் புதிய அதிகாரம் இவ்வாறு நுழைந்தது.

அவர் கூற்றில் உண்மையே இல்லையா? உண்டு. நிலம் குறுகி, ஒரே இடத்திற்கு அடிக்கடி திரும்பி வந்து எரித்தால் காடு மீளாது. ஆனால் நீண்ட ஆண்டுகள் தரிசாக விட்டுத் திரும்பும்போது காடு மீள்கிறது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அக்கால அரசுக்கு இல்லை. காப்பித் தோட்டங்களுக்காகவும் இரயிலுக்காகவும் காடழிந்ததை அவரே எழுதியிருக்கிறார். இருந்தும், தடை விழுந்த இடத்தைப் பாருங்கள். தோட்ட முதலாளிக்கு நிலம் கிடைத்தது. இரயில் குழுமத்திற்குக் கட்டை கிடைத்தது. புனம் விதைத்தவனுக்குத் தடை கிடைத்தது. கணக்கில் வல்ல அந்த மனிதர் மரங்களை எண்ணினார். புனத்தில் உண்டவர்களின் வாய்களை எண்ணவில்லை.

வேறு விதமாக நினைக்க அக்காலத்தில் யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1865ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வந்தபோது, சென்னையின் வருவாய் வாரியம் அதை ஏற்கத் தயங்கியது. இம்மாகாணத்தின் காடுகள் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கியவை, அவற்றில் மேய்க்கவும் விறகெடுக்கவும் மக்களுக்குத் தொன்றுதொட்டு உரிமை உண்டு என்பது வாரியத்தின் நிலை. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சென்னை ஏற்கவில்லை. 1882இல்தான் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடு என்ற சொல்லும், அதன் எல்லைக் கற்களும், அதைச் சுற்றிய வழக்குகளும் நம் சிற்றூர்களுக்கு வந்தது அதன் பின்னரே. அப்போது கிளெக்ஹார்ன் இந்தியாவிலேயே இல்லை.

வடக்கும் தாயகமும்

1861இல் அவர் தம் அறிக்கைகளைத் தொகுத்துத் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். அதே ஆண்டில், காகிதத் தொழிலில் பெயர்பெற்ற கவன் குடும்பத்தைச் சேர்ந்த மேபலை மணந்தார். திரும்பி வந்தவரை அரசு பஞ்சாபுக்கு அனுப்பியது. இமயமலைச் சரிவின் தேவதாரு மரங்கள் ஆறுகளில் மிதந்து வந்து வடநாட்டு இரயிலுக்குக் கட்டையாகிக் கொண்டிருந்தன. நோயும் அதே, நோயாளிதான் வேறு. பஞ்சாப், மேற்கு இமயக் காடுகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1864இல் வெளிவந்தது. அவ்வாண்டில் இந்தியா முழுமைக்குமான முதல் வனத் தலைமை ஆய்வாளராக ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் பொறுப்பேற்றார். பிராண்டிஸ் விடுப்பில் இருந்தபோது அப்பொறுப்பைக் கிளெக்ஹார்ன் தற்காலிகமாக வகித்தார்.

1860களின் இறுதியில் அவர் ஸ்காட்லாந்துக்கு நிலையாகத் திரும்பினார். பாட்டனாரின் ஸ்ட்ராவிதிப் பண்ணை அவருக்குக் காத்திருந்தது. அங்கு மரம் நட்டார். ஸ்காட்லாந்து மரவளர்ப்புச் சங்கத்திற்குத் தலைவராக இருந்தார். இந்தியாவுக்குச் செல்லவிருந்த வன அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதில் துணைபுரிந்தார். 1884இல் எடின்பரோவில் நடந்த பன்னாட்டு வனக் கண்காட்சிக்கும், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்பிக்க ஏற்பாடு நடந்ததற்கும் அவருடைய ஊக்கம் உண்டு. தமிழ்நாட்டு மலைகளில் கற்ற பாடத்தை அவர் தம் தாயகத்திற்குக் கற்பித்தார் என்றே சொல்லலாம். மனைவி அவருக்கு முன்பே காலமானார், பிள்ளைகள் இல்லை. 1895ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் கிளெக்ஹார்ன் மறைந்தார்.

அவருக்குப் பின் ஆனைமலை

அவர் ஏறிய ஆனைமலையின் கதை அதன் பின்னும் தொடர்ந்தது. டாப்ஸ்லிப் என்று நாம் சுற்றுலா செல்லும் இடம், வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சமவெளிக்குச் சறுக்கிவிட்ட இடம். 1890களின் இறுதியில் வால்பாறைப் பகுதியில் காடழித்துத் தோட்டங்கள் தோன்றின. நாளடைவில் தேயிலை அம்மேட்டுநிலத்தை மூடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி வெட்டுண்ட சரிவுகளில் தேக்கை மீண்டும் வளர்த்தார். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில் தேக்குகளின் நடுவே இருக்கிறது. 1960களில் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வந்தது. மைக்கேல் முகாமிட்ட தூணக்கடவில் இன்று அணை நிற்கிறது. 1976இல் ஆனைமலை வனவிலங்குப் புகலிடமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று.

ஒரே மலை. முதலில் அது காடர்களுக்கு வீடு. பிறகு கப்பலுக்குப் பலகை, இரயிலுக்குக் கட்டை, வணிகருக்குத் தேயிலை, உழவருக்கு அணைநீர், புலிக்குப் புகலிடம், நமக்குச் சுற்றுலா. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதே காட்டின் பயன் என்று எண்ணியது. கிளெக்ஹார்னும் தம் காலத்தின் பயனையே கருதினார். ஆயினும் எல்லாவற்றையும் இன்றே எடுத்துவிடாதே, நாளைக்கு வை என்ற ஒரு விதியை அவர் அரசின் ஏட்டில் எழுதச் செய்தார். கட்டைக்காக வைத்த காட்டில் பிற்காலத்தில் புலி வாழ முடிந்தது. இது அவர் எதிர்பாராத பயன். ஆனாலும் அவருடைய பயனே.

அதற்குக் கொடுத்த விலையும் நம் கணக்கில் இருக்க வேண்டும். 2006இல் இந்திய நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வழிவழியாக வாழ்ந்தோருக்கு வரலாற்றில் அநீதி இழைக்கப்பட்டது என்பதை அச்சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 1860இன் தடைக்கும் 2006இன் சட்டத்திற்கும் இடையே 146 ஆண்டுகள். ஒரு மருத்துவர் தவறவிட்ட அறிகுறியைக் கண்டறிய இவ்வளவு காலம் ஆயிற்று.

நம் ஊருக்குத் திரும்புவோம். தூய வளனார் கல்லூரியில் 1967இல் அருட்தந்தை கே. எம். மாத்யூ தொடங்கிய ராப்பினாட் தாவரத் தொகுப்பகம் இருக்கிறது. கீழ்த்திசை மலைகளின் செடிகளை நடந்து நடந்து சேர்த்து, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை அவர் பல தொகுதிகளில் விவரித்தார். திருவரங்கத்தை அடுத்த மேலூரில், மேலணைக் காப்புக்காட்டின் ஒரு பகுதி 2015 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவாகத் திகழ்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே கூட்டம் கூட்டமாகச் செல்கிறார்கள். காப்புக்காடு என்ற சொல்லைப் பலகையில் காணும்போது, அது எப்படி வந்தது, அதற்குள் யாருடைய உழைப்பும் யாருடைய இழப்பும் கலந்திருக்கின்றன என்பதை அப்பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் தெரிந்திருக்க வேண்டும்.

சோலை எங்கே போயிற்று என்று தொடங்கினோம். கப்பலாயிற்று, பாதையாயிற்று, புகையாயிற்று. எஞ்சியது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கிளெக்ஹார்ன். எண்ணும்போது மரத்தோடு மனிதரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது அவர் விட்டுப்போன பாடம். அதை நிரப்ப வேண்டியவர்கள் நாம். அடுத்த முறை திருவானைக்காவுக்குப் போகும்போது அந்த வெண்ணாவலின் அடியில் சற்று நின்று பாருங்கள். ஊர்ப்பெயரில் இருக்கும் சோலைக்கு அது ஒன்றே சாட்சி.